‘சி’தான், ஆனால் ‘பி’ மாதிரி

பாராகிளைடர் மதிப்புரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: “இது சி வகுப்புச் சிறகுதான், ஆனால் பறக்கும்போது பி மாதிரியே இருக்கிறது.” சொற்கள் கொஞ்சம் மாறும், சாரம் மாறாது. புதுச் சிறகை வாங்கி, இரண்டு மூன்று முறை பறந்துவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் எழுதப்படும் முதல் அனுபவக் குறிப்புகளில் இது பல்லவி மாதிரி. எழுதுகிறவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த உண்மையான உணர்வு வேறொரு கேள்விக்கான பதிலாக வைக்கப்படுகிறது. என் சிக்கல் அங்கேதான்.

பாராகிளைடிங் என்றால் சுற்றுலாத் தலத்தில் பயிற்சியாளருடன் சேர்ந்து பத்து நிமிடம் மிதந்து இறங்குவது என்று நினைப்பவர்களுக்குச் சிறு விளக்கம். நெடுந்தூரப் பறத்தலில் எஞ்சின் கிடையாது. வெயிலில் சூடாகி மேலெழும் காற்றை, அதாவது தெர்மலைத் தேடிப் பிடித்து, அதற்குள் வட்டமடித்து உயர வேண்டும். பிறகு அந்த உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மல் வரை சறுக்க வேண்டும். இப்படியே மலை மலையாகத் தாண்டிப் பல மணிநேரம் போகலாம். தலைக்கு மேலே இருப்பது துணியும் கயிறும் மட்டுமே. காற்று உள்ளே அடைத்திருக்கும்வரைதான் அது சிறகு.

இந்தச் சிறகுகளுக்கு ஐரோப்பியத் தரநிர்ணயம் ஒன்று உண்டு, பெயர் ஈஎன் 926-2. ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகள். சோதனை விமானிகள் அமைதியான காற்றில், பெரும்பாலும் ஏரிக்கு மேலே, சிறகை வேண்டுமென்றே குலைப்பார்கள். ஒரு பக்கத்தை மடிப்பார்கள், முன்விளிம்பை மடிப்பார்கள், சுழல விடுவார்கள். குலைந்தபின் எவ்வளவு திரும்பியது, எவ்வளவு முன்னால் பாய்ந்தது, தானாக மீண்டதா என்று இருபதுக்கும் மேற்பட்ட சோதனைகளில் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் ஏ வாங்கி ஒன்றில் மட்டும் சி வாங்கினால், அந்தச் சிறகு சி. நல்ல மதிப்பெண் கெட்ட மதிப்பெண்ணை ஈடுகட்டாது.

அப்படியென்றால் இந்த எழுத்து, சிறகு நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்பதைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அது கெட்டுப்போனபின் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது. மதிப்புரையாளர் எழுதுவதோ கெட்டுப்போகாத மூன்று பறத்தல்களைப் பற்றி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ‘ஆனால்’ போட்டு இணைக்க முடியாது.

நானும் இந்த அக்டோபரில் ஒரு புதுச் சிறகில் பறந்தேன். சி வகுப்பு, இரட்டை வரிசை. பெயர் வேண்டாம், இங்கே சொல்வது இந்த ரகம் முழுமைக்கும் பொருந்தும். பழைய வடிவமைப்பில் கயிறுகள் ஏ, பி, சி என்று மூன்று வரிசையாக இறங்கும். இரட்டை வரிசையில் ஏ, பி மட்டுமே. கயிறு குறைந்தால் காற்றின் இழுவையும் குறையும், அதே உயரத்தில் இன்னும் தூரம் போகலாம். முதலில் பந்தயச் சிறகுகளில் இருந்த இந்த அமைப்பு இப்போது சி வகுப்புக்கும் வந்துவிட்டது.

இடம் இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங். சுமார் 2,400 மீட்டரில் இருக்கும் பில்லிங்கில் கிளம்பி, அதற்கு ஆயிரம் மீட்டர் கீழே பீரில் இறங்குவார்கள். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். தௌலாதார் மலைத்தொடரின் முகப்பையே பிடித்துக்கொண்டு மேற்கே தர்மசாலா பக்கம் போவது இங்கே பலருக்கும் கனவு. நான் நான்கு நாளில் ஐந்து முறை பறந்தேன், மொத்தம் பதினொரு மணிநேரம். சிறகின் எடை வரம்பு 85 முதல் 100 கிலோ. ஹார்னஸ், தண்ணீர் எல்லாம் சேர்த்து நான் 96. இதற்குமுன் நான்கு வருடம் மூன்று வரிசை பி சிறகு ஓட்டினேன்.

இனி என் முதல் அபிப்பிராயம். பழைய சிறகு தெர்மலுக்குள் நுழையும்போது கொஞ்சம் தயங்கிப் பின்னால் சாயும். இது அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. வேகக்கம்பியை மிதித்துக்கொண்டே பி ரைசரைக் கையால் லேசாக இழுத்து, பிரேக்கைத் தொடாமல் காற்றின் மேடுபள்ளத்தைச் சமாளிக்க முடிகிறது. மூன்று வரிசையில் பின் ரைசரை இழுத்தால் சிறகின் வடிவமே நடுவில் லேசாக உடையும். இதில் வடிவம் கெடாமல் கோணம் மட்டும் மாறுகிறது. இரண்டு மலைமுதுகுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைத் தாண்டியபோது, எதிர்ப்பக்கம் நான் எதிர்பார்த்ததைவிட உயரத்தில் போய்ச் சேர்ந்தேன். அது சிறகின் கெட்டித்தனமா, அன்றைய காற்றின் தயவா என்பதை ஒரு பறத்தலில் பிரிக்க முடியாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது அதன் அமைதி. பழைய சிறகின் ஓரங்கள் கரடுமுரடான காற்றில் அவ்வப்போது மடிந்து ‘டப்’பென்று திறக்கும். எரிச்சலாக இருக்கும். புதியது சத்தமே போடவில்லை. நானும் இரண்டாம் நாளே ‘இது பி மாதிரிதான் இருக்கு’ என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அந்த ‘டப்’ சத்தம்தான் பழைய சிறகு எனக்குக் கொடுத்துவந்த எச்சரிக்கை: இங்கே காற்று சரியில்லை, கவனமாக இரு. இரட்டை வரிசைச் சிறகு மடியாமல் தாங்குவதில் கெட்டி. மடிந்துவிட்டால் பி சிறகைவிட வேகமாகப் பாயக்கூடும், மீட்பதற்கு ஓட்டுபவரின் கை துல்லியமாக வேலை செய்ய வேண்டியிருக்கும். பதினொரு மணிநேரத்தில் அது ஒருமுறைகூட மடியவில்லை. ஆகவே ‘சி’ என்ற எழுத்து எதைப் பற்றிப் பேசுகிறதோ, அதைப் பற்றி என் குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தச் சிறகுகளைச் சாதாரணமாக ஏ ரைசரை இழுத்துச் சோதனைக்குரிய வடிவில் மடிப்பது கடினம். அதற்காகவே மடிப்புக்கயிறு என்று தனியாகக் கட்டிச் சோதிக்கிறார்கள். முன்பு டி வகுப்புக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகை பிறகு சி வகுப்புக்கும் தரப்பட்டது. சோதனையில் மடிந்த சிறகில் இருந்த அந்தக் கயிறு, நாம் வாங்கும் சிறகில் இருப்பதில்லை. இதைக் குறிப்பிடும் முதல் அனுபவக் கட்டுரைகளை விரல்விட்டு எண்ணலாம்.

எங்கள் அலுவலகத்தில் டேட்டாபேஸை மாற்றிவிட்டு ‘முதல் வாரம் சூப்பராக ஓடியது’ என்று யாராவது அறிக்கை கொடுத்தால் சிரிப்பார்கள். விழுந்தால் எப்படி எழும், எவ்வளவு நேரத்தில் எழும், அப்போது யார் முழித்திருக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள்.

சிறகும் அதே சிறகாக இருப்பதில்லை. கயிறுகளின் நீளம் நாளடைவில் மாறும். அதிகம் பாரம் தாங்காத பின்வரிசைக் கயிறுகள், டைனீமாவாக இருந்தால், மெல்லச் சுருங்கும். சிறகின் கோணம் மாறி வேகம் குறையும். அராமிட் கயிறு அவ்வளவு சுருங்காது, ஆனால் திரும்பத் திரும்ப மடங்கினால் வலுவிழக்கும். குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். முதல் வாரக் குறிப்பு, இன்னும் சில மாதங்களில் இல்லாமல் போகப்போகும் ஒரு பொருளைப் பற்றியது.

நாவல்களுக்கும் நாம் இதைத்தான் செய்கிறோம். ‘ஒரே மூச்சில் படித்தேன்’ என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய தகவல். ஆனால் நாவலை நம்பி வாங்கினால் போவது முந்நூறு ரூபாய்.

எங்கள் குழுவில் இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். மொத்தம் அறுபது மணிநேரம் பறந்திருப்பான். நல்ல கை. ஒரு மதிப்புரையைப் படித்துவிட்டுக் கேட்டான்: “அண்ணா, பி மாதிரிதான் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, என் சிறகை வித்துட்டு இதை எடுத்துரவா?” அந்த ‘எல்லாரும்’ யார் என்று கேட்டேன். ஒருவர் இருபது வருடமாகப் பறப்பவர். இன்னொருவர் எந்த மாதம், எந்த நேரம், எவ்வளவு எடையில் பறந்தார் என்றே எழுதவில்லை.

முதல் அனுபவத்தை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுச் சிறகின் மீது வரும் காதல் எழுதத் தகுந்ததுதான், நாலாவது மாதம் அது வராது. ஆனால் எழுதுகிறவர் தன் மணிநேரத்தைச் சொல்லட்டும், எடையைச் சொல்லட்டும், அன்றைய காற்றைச் சொல்லட்டும். சிறகு மடிந்ததா என்று சொல்லட்டும். மடியவில்லை என்றால் வகுப்பைப் பற்றிப் பேசாமல் விடட்டும்.

தம்பியிடம், முதலில் ஏரிக்கு மேல் நடக்கும் அவசரநிலைப் பயிற்சிக்குத் தன் பழைய சிறகோடு போய், அதை நன்றாக மடித்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். “அப்பவும் இது வேணும்னு தோணினா?” என்றான். தோன்றினால் வாங்கட்டும். அப்போது அந்த ஆசையாவது அவனுடையதாக இருக்கும்.