எண்ணும் ஏற்றமும்

முந்தியது சிறந்தது என்று கொள்வது உலக வழக்கு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் இவ்வழக்கைக் காணலாம். போ நிறுவனம் 1929ஆம் ஆண்டிலும், பாரத் நிறுவனம் 1933ஆம் ஆண்டிலும் தோன்றின. தொடங்கிய ஆண்டைச் சொல்வதில் தோட்டத்தார்க்கு ஒரு பெருமிதம் உண்டு. இணைய நிறுவனங்களிடம் அப்பெருமிதம் எண்ணைப் பற்றி நிற்கிறது.

இணையம் பல வலையமைப்புகளின் கூட்டு. ஒன்று மற்றொன்றுக்கு வழி அறிவிக்கும்போது, தன்னை இன்னதென்று காட்ட ஓர் அடையாள எண் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் எண் 3. டெலிகாம் மலேசியாவின் எண் 4788. இந்தியாவின் ஜியோ நிறுவனத்தின் எண் 55836. எண் சிறிதாயின் வரவு முந்தியது என்பது கருத்து. ஆகவே சிறிய எண்ணுடையார் மூத்த குடியினராக மதிக்கப்படுகின்றனர்.

இம்மதிப்புக்கு ஓரளவு காரணமும் உண்டு. முதலில் இவ்வெண்கள் 65,535க்கு உட்பட்டே இருந்தன. 2007 முதல் அதனினும் பெரிய எண்கள் வழங்கப்பட்டன. பழைய கருவிகள் சில அவற்றை ஏற்க இடர்ப்பட்டன. ஆயினும் மேற்கூறிய மூன்று எண்களும் அவ்வெல்லைக்கு உட்பட்டனவே. அவற்றுள் 3க்கு மட்டும் தனிப்பயன் யாது? செய்தி செல்லும் விரைவு எண்ணால் கூடுவதில்லை. மேலும், நிறுவனம் கைமாறினால் எண்ணும் கைமாறும். எண் 1 அவ்வாறே பிபிஎன் நிறுவனத்திடமிருந்து பிறர் கைக்குச் சென்றது. விலைக்கு வரும் முதுமையை முதுமை என்னலாமோ?

தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. புறநானூற்றின் முதற் செய்யுள் பெருந்தேவனார் பாடிய கடவுள் வாழ்த்து. அது பின்னர் முன்வைக்கப்பட்டது என்பர் ஆய்வாளர். எண் ஒன்று வைப்புமுறையைக் காட்டுமேயன்றிக் காலத்தையோ கவிச்சிறப்பையோ காட்டாது. கவிச்சிறப்பை அறியப் பாட்டைப் படித்தல் வேண்டும்.

தேயிலைச் செடியும் இவ்வுண்மையை உணர்த்தும். விட்டுவிட்டால் அது மரமாக ஓங்கிவிடும். காலந்தோறும் கவ்வாத்துச் செய்து, கையெட்டும் உயரத்தில் வைத்தால்தான் பழஞ்செடியும் இளங்கொழுந்து தரும். அவ்வேலையைச் செய்தவருள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர். தோட்டத்தின் ஆண்டு இன்றும் சொல்லப்படுகிறது. அவர்கள் பெயர்கள் செக்ரோல் ஏட்டோடு நின்றுவிட்டன. முந்தி வந்ததைப் போற்றுவோர், வந்ததைக் காத்து நின்ற கைகளையும் போற்றுதல் முறை. வலையமைப்பின் பெருமையும் அதன் எண்ணில் இல்லை. இரவும் பகலும் அதனை அறாமல் காப்போரிடத்தே உள்ளது.