அரைலிட்டர் புட்டிக்குள் ஒரு மூட்டை யூரியாவா?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும். அந்நீர் கல்லணையை வந்தடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து வயல்களைத் தொடும்போது தஞ்சை வட்டாரத்தில் குறுவைச் சாகுபடி சூடு பிடிக்கும். நடவு முடிந்ததும் உழவர்களை இரண்டு கவலைகள் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கடைமடை வரை வருமா? மேலுரத்துக்கு யூரியா தட்டின்றிக் கிடைக்குமா?

இந்த இரண்டாவது கவலைக்குத் தீர்வாக ஒரு சிறு புட்டி 2021ஆம் ஆண்டு கடைகளுக்கு வந்தது. அதன் பெயர் 'நானோ யூரியா'. இந்திய உழவர் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ, குஜராத்தில் கலோல் என்னுமிடத்திலுள்ள தன் ஆய்வு மையத்தில் இதை உருவாக்கியது. 500 மில்லிலிட்டர் கொண்ட ஒரு புட்டி, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடாகும் என்று அறிவிக்கப்பட்டது. வேதியியல் ஆராய்ச்சியின் எதிர்காலமே இதுதான் என்று பலரும் எழுதினர்.

வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து படிக்க வரும் என் மாணவர் ஒருவர், அந்தப் புட்டியை ஒருநாள் ஆய்வகத்துக்கே கொண்டுவந்துவிட்டார். "மூட்டை வாங்கப் போனால் இதையும் சேர்த்து வாங்கு என்கிறார்கள், சார். இது நிஜமா என்று அப்பா கேட்டுவரச் சொன்னார்" என்றார். உரத்தைப் பற்றிய கேள்வி இயற்பியல் ஆசிரியரிடம் வந்ததில் தவறில்லை. விடையின் முதற்பகுதிக்குத் தராசும் பெருக்கல் வாய்பாடும் போதும்.

தராசு சொல்லும் கணக்கு

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். எனவே 45 கிலோ மூட்டையில் இருப்பது 20.7 கிலோ நைட்ரஜன். 2021இல் வந்த புட்டியில் நைட்ரஜன் 4 விழுக்காடு. அரைலிட்டரில் அது 20 கிராம். மூட்டையில் இருப்பதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு!

"மூட்டையில் உள்ளது முழுவதும் பயிருக்குப் போவதில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. சேற்று வயலில் இட்ட யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்களவே. மிகக் குறைத்து 30 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூட்டையிலிருந்து பயிருக்குச் சேர்வது 6 கிலோவுக்கு மேல். புட்டியிலுள்ளதில் ஒரு துளியும் வீணாகாமல் இலைக்குள் போய்விட்டதாகக் கொண்டாலும் சேர்வது 20 கிராம்தான். இடைவெளி முந்நூறு மடங்கு.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். ஒரு டன் நெல் விளைய, தாளும் தானியமுமாகப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கின்படி 20 கிராம் நைட்ரஜனைக் கொண்டு விளையக்கூடிய நெல் ஒன்றேகால் கிலோவைச் சற்றே தாண்டும். ஒரு வீட்டின் ஒருவேளைச் சோற்றுக்குக் காணும். பொருள் அழியாது, புதிதாகத் தோன்றவும் செய்யாது என்று பள்ளியில் படித்த விதி, கடையில் விற்கும் புட்டிக்கும் பொருந்தும் அன்றோ?

2024இல் இந்நிறுவனமே எடையில் 16 விழுக்காடு நைட்ரஜன் கொண்ட புதிய கலவையைக் கொண்டுவந்தது. அரைலிட்டரில் அது ஏறத்தாழ 100 கிராம். ஐந்து மடங்கு உயர்வுதான். ஆனால் மூட்டையின் கிலோக்களுக்கு முன்னால் அதுவும் மிகச் சிறிது.

'நானோ' என்னும் சொல்

நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த உரத்தின் துகள்கள் 20 முதல் 50 நானோமீட்டர் அளவுடையவை என்றும், அதனால் அவற்றின் மேற்பரப்பு யூரியாக் குருணையைவிடப் பல்லாயிரம் மடங்கு கூடியது என்றும் சொல்லப்பட்டது. மேற்பரப்பு பற்றிய செய்தி மெய்யே. ஒரு சென்டிமீட்டர் கன வெல்லக் கட்டியை ஒரு மில்லிமீட்டர் கனங்களாக நறுக்கினால் அதன் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டரிலிருந்து 60 ஆகப் பெருகும். ஆனால் வெல்லத்தின் எடை கூடுவதில்லை. பாயசத்தின் இனிப்பும் கூடுவதில்லை.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. யூரியா நீரில் மிக நன்றாகக் கரையும் பொருள். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிலோவுக்கு மேலும் கரையும். கரைந்தபின் அது தனித்தனி மூலக்கூறுகளாகிவிடுகிறது. யூரியா மூலக்கூறு ஒரு நானோமீட்டரைவிடச் சிறியது. அதாவது, வாளியில் கரைத்த சாதாரண யூரியா நானோத் துகளைவிடவும் நுண்ணியதாகப் பிரிந்து நிற்கிறது!

இலைவழி உரமிடுவதும் டெல்டாவுக்குப் புதிதன்று. சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் விதைக்கும் உளுந்துக்கு டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதை நம் உழவர்கள் நன்கறிவர். நெல்லுக்கு 2 விழுக்காடு யூரியாக் கரைசல் தெளிப்பதும் பழைய முறையே. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் அதில் 4 கிலோ யூரியா, அதாவது 1,840 கிராம் நைட்ரஜன் இருக்கும். முதலில் வந்த புட்டியில் உள்ளதைப்போல் 92 மடங்கு. இவ்வளவு தெளித்தும், இது மேலுரம் முழுவதற்கும் மாற்று என்று எந்த வேளாண் நூலும் சொன்னதில்லை.

நோய் மெய்யானது

புட்டியைக் குறை கூறும்போது, அது தீர்க்க வந்த நோயை மறுத்துவிடக் கூடாது. தேங்கிய நீரில் யூரியா இட்டதும் மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியமாக மாற்றுகிறது. பகலில் வயல் நீரிலுள்ள பாசி, ஒளிச்சேர்க்கைக்காக நீரில் கரைந்த கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. உடனே அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி மேல்மண்ணில் நைட்ரேட்டாகிறது. அது உயிர்வளி இல்லாத அடிச்சேற்றுக்கு இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் சிதைக்கின்றன. நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு. உழவரின் பணமும் அரசின் மானியமும் இப்படிக் காற்றில் கரைகின்றன. இந்த இழப்பைக் குறைப்பது அவசரத் தேவை. அதனாலேயே, குறைப்பதாகச் சொல்லும் ஒவ்வொன்றையும் கடுமையாகச் சோதிக்கவேண்டும்.

மூன்றாவது பாத்தி எங்கே?

எப்படிச் சோதிப்பது? இதற்கான முறை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. 1830களில் பிரெஞ்சு வேதியியலார் பூசாங்கோ தம் பண்ணைக்குள் சென்ற எருவையும் வெளிவந்த விளைச்சலையும் எடைபோட்டு, நைட்ரஜனுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதினார். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1843இல் தொடங்கிய கோதுமை ஆய்வில், உரமே இடாத ஒரு பாத்தியும் ஒப்பீட்டுக்காக விடப்பட்டது. 1919இல் அங்கு பணியில் சேர்ந்த ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவேண்டும் என்று கற்பித்தார். நம் கோயம்புத்தூரிலும் 1909இல் நிலைத்த எரு ஆய்வு வயல் ஒன்று தொடங்கப்பட்டது.

இந்த மரபைக் கையில் வைத்துக்கொண்டு நானோ யூரியாவை நோக்குவோம். பதினோராயிரம் உழவர் வயல்களில், 94 பயிர்களில் சோதித்ததாகவும், விளைச்சல் சராசரியாக 8 விழுக்காடு கூடியதாகவும் அறிவிக்கப்பட்டது. எண்கள் பெரியவை. ஆனால் இத்தகைய அறிக்கை எதைப் படித்தாலும் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. முதற்பாத்தியில் முழு யூரியா. இரண்டாவதில் பாதி யூரியாவுடன் புட்டி. இரண்டும் ஒன்றுபோல் விளைந்தால் புட்டி வென்றதாகுமா? ஆகாது. பாதி யூரியாவும் வெறும் நீர்த் தெளிப்பும் பெற்ற மூன்றாவது பாத்தி வேண்டும். அதுவும் அதேபோல் விளைந்திருந்தால், உழவர் இதுவரை தேவைக்கு மேல் உரமிட்டுவந்தார் என்பதே உண்மை. புட்டிக்கு அதில் பங்கில்லை.

பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் இரண்டாண்டுகள் நடத்திய ஆய்வில், நானோ யூரியா முறையில் கோதுமை விளைச்சல் 21.6 விழுக்காடும் நெல் விளைச்சல் 13 விழுக்காடும் குறைந்தன. தானியத்தில் நைட்ரஜன் அளவும் தாழ்ந்தது. நைட்ரஜன் தாழ்ந்தால் புரதம் தாழும். மூன்று வேளையும் சோற்றையே நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சிறிய செய்தியன்று. 2023இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க், ஹஸ்டெட் இருவரும், இந்த உரத்துக்குச் சொல்லப்படும் சிறப்புகளுக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று ஆய்விதழ் ஒன்றில் வெளிப்படையாக எழுதினர். நிறுவனம் இவற்றை ஏற்கவில்லை. அறிவியலில் இத்தகைய வழக்கைத் தீர்ப்பது விளம்பரமும் அன்று, மறுப்பறிக்கையும் அன்று, வயலே தீர்க்கவேண்டும்.

அதற்கு நல்ல கருவி ஒன்று இருக்கிறது. இயற்கையில் நைட்ரஜன் அணுக்கள் ஆயிரத்தில் நாலுக்கும் சற்றுக் குறைவானவையே நிறை எண் 15 உடையவை, மற்றவை 14. நிறை எண் 15 மிகுந்த நைட்ரஜனைக் கொண்டு உரம் தயாரித்துத் தெளித்தால், பின்னர் நெல்மணியை நிறைமாலைமானியில் வைத்து, அதிலுள்ள நைட்ரஜனில் எவ்வளவு புட்டியிலிருந்து வந்தது, எவ்வளவு மண்ணிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். மாட்டுக்குச் சூட்டுக்கோல் அடையாளம் இடுவது போன்றதே இது. கதிரியக்கம் இல்லாத ஐசோடோப் ஆதலால் அச்சமும் இல்லை. நானோத் துகள் வேறு ஏதோ நுட்பமான வழியில் பயிரைத் தூண்டுகிறது என்று வாதிடுவோரும், அந்த வழி எது என்பதை இப்படிப்பட்ட அளவீட்டால் காட்டவேண்டும்.

எதிர்காலம் எங்கே?

யூரியாவின் இழப்பைக் குறைக்கும் வேறு வழிகளையும் எண்ணிப் பாருங்கள். வேப்பெண்ணெய் பூசிய யூரியா நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத் தணிக்கிறது. 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் இப்பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. யூரியாவைக் கட்டியாக்கிச் சேற்றின் அடியில் புதைத்தால், பாசி நிறைந்த மேல்நீருக்கு அது எட்டாது. இலையின் பசுமையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுத் தேவையானபோது மட்டும் மேலுரமிடும் முறையும் உண்டு. இவற்றில் பளபளப்பு குறைவு. ஆனால் எது ஏன் வேலை செய்கிறது என்பது விளங்கும். நைட்ரஜன் கணக்கும் நேராகும்.

நானோ வேதியியலே பொய் என்று சொல்ல நான் வரவில்லை. மருத்துவத்திலும் வினையூக்கிகளிலும் அதற்குச் சிறந்த இடமுண்டு. என் குறையெல்லாம் வரிசை முறையைப் பற்றியது. முதலில் சோதனை, அடுத்து வெளியீடு, பிறகு பிறர் செய்து பார்த்தல், கடைசியில் கடை என்பதே ஆராய்ச்சியின் ஒழுங்கு. அது தலைகீழானால், சோதனைச் செலவைத் தலையில் சுமப்பவர் குத்தகை நிலம் உழுபவர். ஆய்வகத்தில் பிழைத்த பரிசோதனையை மறுநாள் திரும்பச் செய்யலாம். போன குறுவையைத் திரும்பச் செய்யமுடியாது.

1922இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960களில் தந்த ஏ.டி.டி. 27 நெல்லை, டெல்டா உழவர்கள் கண்ணால் பார்த்து, கையால் அளந்து நம்பினார்கள். குறுவை வயலெங்கும் அது பரவியது அந்த நம்பிக்கையால். அறிவியல் இந்த மண்ணில் சேர்த்து வைத்த முதல் அதுவே. ஓர் ஆதாரமற்ற வாக்குறுதி பொய்த்தால், நாளை வரும் உண்மையான கண்டுபிடிப்பையும் உழவர் கதவடைத்து அனுப்பிவிடுவார்.

என் மாணவரிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஊரில் ஒரு மா நிலத்தை மூன்றாகப் பிரியுங்கள். முழு யூரியா, பாதி யூரியாவும் புட்டியும், பாதி யூரியாவும் வெறும் நீரும் என்று சீட்டுக் குலுக்கிப் பங்கிடுங்கள். அறுவடையன்று தனித்தனியே தூற்றி, எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வயலின் முடிவு போதாது. பக்கத்து ஊர்களிலும் நண்பர்களைக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். அவர் அப்பாவுக்கு நான் சொல்லியனுப்பிய விடை சுருக்கமானது: "தராசு இல்லை என்கிறது. வயலையும் கேட்டுவிடுவோம். அதுவரை மேலுரத்தை நிறுத்தவேண்டாம்."