மார்லின் 336: ஒரே பெயர், மூன்று தொழிற்சாலை

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் மார்லின் 336 ரைஃபிள் வாங்கப் போகிறவர் விலை கேட்பதற்கு முன் சீரியல் நம்பரைப் பார்க்க வேண்டும். நாளைக்குப் பழுதென்றால் யாரிடம் போய் நிற்கலாம் என்பதை அதுதான் சொல்லும். சில எண்களுக்குப் பதில், 'யாரிடமும் இல்லை'.

டெக்சாஸில் ஓர் அடகுக் கடையில் மூன்று காலத்து 336-களை அடுத்தடுத்துக் கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தது. 1948-இல் வந்த மாடல் இது. கீழே இருக்கும் லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும். காலித் தோட்டா பக்கவாட்டில் தெறிப்பதால் மேல்பக்கம் மூடியே இருக்கிறது, டெலஸ்கோப் மாட்டத் தோது. குழலுக்கு அடியில் உள்ள குழாய்க்குள் .30-30 தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டா போட்டால் அது முன்னால் கிடக்கும் தோட்டாவின் பிரைமரில் (வெடிமூட்டியில்) இடிக்கும் என்பதால், தட்டை முனை அல்லது ரப்பர் போன்ற மென்முனைதான் போட வேண்டும். மூன்றில் பழையதன் லீவர்தான் வெண்ணெயாக ஓடியது. நடுவில் வந்ததில் மரக்கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் நகம் நுழைகிற இடைவெளி. புதியது இறுக்கமாக, துல்லியமாக இருந்தது.

2007 கடைசியில் மார்லின் கம்பெனியை வாங்குவதாக இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டன் அறிவித்தது. கனெக்டிகட்டின் நார்த் ஹேவனில் இருந்த பழைய ஆலை 2011-இல் மூடப்பட்டு, வேலை நியூயார்க் மாநிலத்து இலியனுக்குப் போனது. கைப்பழக்கமுள்ள தொழிலாளிகள் கூடவே போகவில்லை. அக்காலத்துச் சரக்கை வேட்டைக்காரர்கள் 'ரெம்லின்' என்று கேலி செய்தார்கள். 2020-இல் ரெமிங்டன் திவாலாகி ஏலத்தில் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது மார்லின் பெயர் ரூகர் என்ற கம்பெனியிடம் வந்தது. இப்போது வட கரோலினாவின் மேயோடனில் செய்கிறார்கள்.

ரூகர் செய்தவற்றின் எண் ஆர்எம் என்று தொடங்கும், ரெமிங்டன் இலியனில் செய்தவை பெரும்பாலும் எம்ஆர் என்று. அவசரத்தில் பார்த்தால் ஏமாந்துவிடலாம். அதற்கும் முந்தைய பலவற்றில் வெறும் இலக்கங்கள்தான். 1973-க்குப் பிறகானவற்றில் முதல் இரண்டு இலக்கங்களை நூறிலிருந்து கழித்தால் ஆண்டு கிடைக்கும்: 22 என்றால் 1978. குழலில் பழைய ஆலையின் 'ஜேஎம்' முத்திரை இருக்கிறதே என்று மட்டும் நம்ப வேண்டாம். மிச்சமிருந்த பழைய குழல்களை ரெமிங்டனும் பூட்டி விற்றது.

இனி வாரண்டி. 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி 'முழு வாரண்டி' தந்தால், அந்தக் காலத்துக்குள் பொருள் யார் கைக்கு மாறினாலும் செல்ல வேண்டும். 'வரையறுத்த வாரண்டி' என்றால் முதலில் வாங்கியவரோடு முடித்துக்கொள்ளலாம். பல துப்பாக்கிக் கம்பெனிகள் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ரூகர் இந்தச் சட்டத்தையே காரணம் காட்டி எழுத்துப்பூர்வ வாரண்டி எதுவும் தருவதில்லை. விந்தை என்னவென்றால், தன் தயாரிப்பைப் பழுதுபார்த்துக் கொடுப்பதில் நல்ல பெயர் எடுத்திருப்பதும் அதே கம்பெனிதான். ஆனால் அந்தத் தாராளம் தான் செய்த ரைஃபிள்களுக்கு மட்டும். தான் வாங்குவதற்கு முன் செய்த மார்லின்களுக்கு அங்கே சர்வீஸும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. வாங்கியது பெயரை, பழைய கடமையை அல்ல.

சட்டத்தில் இன்னொரு ஓட்டை பெரியது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மீது அதிகாரம் கிடையாது. மிக்ஸியைத் திரும்பப் பெறச் சொல்ல அரசால் முடியும், ரைஃபிளைச் சொல்ல முடியாது. கம்பெனியே முன்வந்தால்தான் உண்டு. அப்படி வந்ததுதான் 2014-இல் ரெமிங்டன் 700 ரைஃபிளுக்கான திரும்பப் பெறும் அழைப்பு (ரீகால்). 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர்களில் ஒட்டுப்பசை கூடிப்போய், விரல் படாமலே சுடும் அபாயம் இருந்தது. இத்தகைய அழைப்புக்குப் பொதுவாக ரசீது தேவையில்லை, யாரிடம் இருந்தாலும் செல்லும். ஆகவே பழைய ரைஃபிள் எதை வாங்கினாலும், வாரண்டி அட்டையைத் தேடும் முன் அந்த மாடலுக்கு ரீகால் வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

ரைஃபிளை அனுப்புவது நினைப்பதைவிட எளிது. பழுதுக்காக உரிமையாளரே தயாரிப்பாளருக்கு நேரடியாக அனுப்பலாம், அவர்களும் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். நடுவில் உரிமம் பெற்ற டீலர் தேவையில்லை. பெரிய தனியார் கூரியர்கள் தனிநபர்களிடம் துப்பாக்கிப் பார்சல் ஏற்பதை நிறுத்திவிட்டதால், சொந்தமாக அனுப்ப அரசு தபால்தான் வழி. தோட்டா ஒன்றுகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. டெலஸ்கோப்பையும் தோள்வாரையும் கழற்றிவிடுங்கள், திரும்பி வராமல் போகக்கூடியவை அவை.

வேறொரு கம்பெனியின் ரைஃபிளை நான் அனுப்பியபோது அவர்கள் ரசீது கேட்கவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் ட்ரிகரை மாற்றியிருக்கிறாரா, வீட்டில் நிரப்பிய தோட்டா சுட்டாரா என்றுதான் கேட்டார்கள். பழைய ரைஃபிளில் இது நமக்கே தெரியாத கேள்வி. விற்பவரிடம் முன்பே கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

மூன்றில் என் கை போனது பழைய நார்த் ஹேவன் 336-க்குத்தான். லீவர் உரசி உரசி, தோட்டாவைத் தூக்கும் கேரியரில் பள்ளம் விழுந்து தோட்டா சிக்குவது இந்த ரகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. அதைச் சரிசெய்யத் தெரிந்த கன்ஸ்மித் பக்கத்தில் இருந்தால் கம்பெனியின் தயவு வேண்டாம். அப்படி ஒருவர் இல்லாதவர் ஆர்எம் எண்ணுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். எம்ஆர் எண்ணை, பாதி விலைக்கு வந்தால் மட்டும், லீவரை நாலு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.