பாடத்திட்டத்தின் பாயிரம்

நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு உரியனவாகச் சுட்டும் எட்டனுள் கேட்போரும் பயனும் அடங்கும். கற்போர் யாவர், அவர் பெறுவது யாது என நூல் முகப்பிலேயே அறிவிப்பது நம் மரபு. இன்று பட்டப்படிப்புப் பாடத்திட்டங்களில் அவ்விடத்தைக் ‘கற்றல் விளைவுகள்’ பெற்றுள்ளன. 1956இல் புளூம் குழுவினர் வகுத்து, 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்திப் பதிப்பித்த ஆறு அறிதல் நிலைகளே இவற்றிற்கு அளவுகோல். அளவுகோலில் பெருங்குறை இல்லை. பொருத்தும் முறையே இரங்கத்தக்கது. தொல்காப்பியத்திற்கும் இக்காலக் கவிதைக்கும் ‘அறிவர்’, ‘உணர்வர்’ என்னும் அதே வினைமுற்றுகள் பல பாடத்திட்டங்களில் நிற்கின்றன. ஆறாம் நிலையான ‘படைப்பர்’ என்பதும் தவறாது இடம்பெறும்; வினாத்தாளோ மனப்பாடத்தையே வேண்டும். ‘இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரு நூற்பாவில் வேறுபடும் இடத்தைக் காரணத்துடன் விளக்குவர்’ என எழுதியிருப்பின், அது கைவராத மாணவர் பாடத்திட்டத்தையே சான்றாகக் காட்டி நம்மை வினவ இயலும். அவ்வாறு வினவப்படுதலை நாம் விரும்பவில்லை போலும்.