முகப்பு மட்டும்

லண்டன் பேஸ்வாட்டரில் லென்ஸ்டர் கார்டன்ஸ் என்றொரு தெரு. ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் விக்டோரியா காலத்து வெள்ளை மாடி வீடுகள். தூண் வைத்த வாசல், மேலே பால்கனி. அதில் 23, 24 ஆகிய இரண்டும் வீடே கிடையாது, வெறும் முகப்புச் சுவர். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் சாம்பல் நிறப் பெயின்ட். பின்னால் பள்ளம், பள்ளத்தில் ரயில். ‘ஷெர்லாக்’ மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடில் வருமே, அதே இடம்தான்.

1860களில் மெட்ரோபாலிட்டன் ரயில்வே தெருக்களைத் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே மூடிக்கொண்டு போனது. ஓடியது நீராவி எஞ்சின். புகை வெளியேற அங்கங்கே திறந்த இடம் வேண்டும். அதற்காக இந்த இரண்டு வீடுகள் போயின. 1868இல் பாதை திறந்தது. வரிசையில் பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரியக்கூடாது என்று முகப்பை மட்டும் அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே எழுப்பிவிட்டார்கள்.

‘போலி வீடு’ என்று எல்லாரும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். சரி, பக்கத்து வீடு மட்டும் நிஜமா?

இந்த வகை வீடுகளில் சுவர் செங்கல்தான். அதன்மேல் காரை பூசி, காய்வதற்குள் கோடு கிழித்து, கல் அடுக்கியது போலக் காட்டுவார்கள். அதுவும் தெருவைப் பார்த்த பக்கம். பின்பக்கம் பெரும்பாலும் வெறும் செங்கல். தனித்தனி வீடுகள் சேர்ந்து ஒரே அரண்மனை வேஷம் கட்டி நிற்கும்.

ஒரு பொருளை இன்னொன்றாகக் காட்டுவது பொய் என்று ஜான் ரஸ்கின் 1849லேயே கட்டடக் கலை பற்றிய தன் நூலில் சாடினார். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. கூத்துக்காரர் தலையில் இருப்பது தங்கக் கிரீடம் என்று நம்பி யார் ஏமாந்தார்கள்? காரையும் அப்படித்தான்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. முகப்பின் ஜன்னல்களைக் கீழிருந்து மேலே பாருங்கள். வரவேற்பறை இருக்கும் முதல் மாடியில் ஆளுயரத்தைத் தாண்டும். மேலே போகப் போகச் சிறுத்துவிடும். உச்சியில் வேலைக்காரர்கள் படுக்கும் அறை. யாருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை முகப்பே சொல்லிவிடுகிறது. அவர்களுடைய உழைப்பைத்தான் அது காட்டுவதில்லை. சமையல் தரைக்குக் கீழே. நிலக்கரி நடைபாதையில் இருக்கும் வட்ட மூடி வழியாக உள்ளே விழும். அதைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு மாடியாக ஏறியவள் தெருவின் கண்ணில் படமாட்டாள்.

23, 24ஆம் எண்கள் செய்வதும் இதே வேலைதான். வரவேற்பறையும் அடுப்படியும் இருந்த இடத்தில் ரயில் புகை வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஊரைச் சுமக்கும் எஞ்சினும் வீட்டைச் சுமக்கும் பணிப்பெண்ணும் ஒரே பூச்சுக்குப் பின்னால் மறைகிறார்கள். அதனால் வரிசையிலேயே உண்மையைப் பேசுவது இந்த இரண்டு பொய் வீடுகள்தான் என்பேன். தெருவுக்குத் தேவைப்பட்டது எது என்பதை அவை மிச்சமில்லாமல் காட்டிவிட்டன.

இன்றைக்கும் பழைய கட்டடத்தின் உள்ளே எல்லாவற்றையும் இடித்துவிட்டு, முகப்பை மட்டும் முட்டுக்கொடுத்து நிறுத்தி, ‘பாரம்பரியத்தைக் காப்பாற்றினோம்’ என்கிறார்கள். லண்டன் போனால் லென்ஸ்டர் கார்டன்ஸோடு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போர்ச்செஸ்டர் டெரஸுக்கு நடந்து போய், அந்தச் சுவரின் முதுகையும் பாருங்கள்.