சீட்டின் அடியில் ஒரு வரி

வீட்டுக்கு டைல்ஸ் வாங்க வருகிறவர் கையில் பெரும்பாலும் வரைபடம் இருக்காது. தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மேஸ்திரி பென்சிலால் கிறுக்கிய அளவுகள் இருக்கும்: ஹால் 18×12, பெட்ரூம் 12×11, இப்படி. கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி, மொத்தம் 1,000 சதுர அடி, இரண்டுக்கு இரண்டு டைல், பெட்டிக்கு நாலு, ஆக 63 பெட்டி என்று எழுதிக் கொடுப்பார். சீட்டின் அடியில் ஏற்கெனவே அச்சடித்தபடி இருக்கும்: ‘இது தோராய மதிப்பீடு மட்டுமே. கூடுதல் குறைவுக்குக் கடை பொறுப்பல்ல. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’

சில வருடங்கள் அந்த மாதிரிச் சீட்டுகளை எழுதிப் பிழைத்தவன் நான். அந்த அடிவரியை நம்பித் தப்பித்ததும் உண்டு, அதனாலேயே தலைகுனிந்ததும் உண்டு. அது உண்மையில் யாரை, எதிலிருந்து காக்கிறது என்று ஒரு முறையாவது நிதானமாகப் பார்த்துவிட வேண்டும்.

63 பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ‘இரண்டுக்கு இரண்டு’ என்று வாய் சொல்கிற டைல் அசலில் 600 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 609.6. ஒரு டைல் நாலு சதுர அடி வராது, 3.875தான். பெட்டி 16 அல்ல, 15.5. இந்த அரை அடியிலேயே 63 என்பது 65 ஆகிவிடுகிறது. அடுத்து ஸ்கர்ட்டிங். சுவரோரமாக நாலு அங்குலப் பட்டை, வீடு முழுக்க 270 அடி ஓடினால் 90 சதுர அடி. மேஸ்திரியின் தாளில் தரை மட்டும்தான் இருந்தது. மேலே வெட்டுக்கும் உடைப்புக்கும் நூற்றுக்கு ஐந்து போட்டால் 74 பெட்டி. பதினொரு பெட்டி துண்டு விழுகிறது.

துண்டு விழுந்ததை வேலை முடிகிற நாளில்தான் கண்டுபிடிப்பார்கள். என்னிடம் 63 பெட்டி என்று சீட்டு வாங்கிப் போன ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்தார். அதே டிசைன் இருந்தது, அதே பேட்ச் இல்லை. புதுச் சரக்கின் ஷேடு ஒரு நூல் வெளுப்பு. கடைசி அறையில் போட்டால் பளிச்சென்று தெரியும்.

“அண்ணே, நீங்கதானே கணக்குப் போட்டுக் குடுத்தீங்க?”

“அடியில பாருங்க தம்பி, தோராயம்னு போட்டிருக்கு.”

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் 63 என்பது தோராயம் இல்லை, தப்பு. டைலின் அசல் அளவு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. ஸ்கர்ட்டிங் உண்டா என்று ஒரு வாய் கேட்டிருக்க வேண்டியது. யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாததற்கு எழுதி வைத்த வரியை, என் கவனக்குறைவின் மேல் போர்த்திவிட்டேன்.

அதற்காக அந்த வரியே மோசடி என்று சொல்லவில்லை. கட்டுமானத்தில் நிச்சயமின்மை நிஜமானது. செங்கல்லின் உயரம் மூன்று அங்குலம், கலவை அரை அங்குலம் என்று கணக்கிட்டால் பத்தடிச் சுவருக்கு 34 வரிசை. சூளை மாறி, கல் கால் அங்குலம் குறைந்து வந்தால் 37 வரிசை. 10,000 கல் என்று எழுதிய இடத்தில் 750க்கு மேல் கூடுதலாக இறக்க வேண்டிவரும். கம்பியும் அப்படித்தான். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ என்பது ஏட்டுக் கணக்கு. இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786 அந்த அளவுக் கம்பிக்கு எடையில் ஐந்து சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. டன்னுக்கு 94 கம்பி வரும் என்று சொல்லிவிட்டு, சற்றே கனமான சரக்கு வந்தால் 90தான் இறங்கும். எடையில் யாரும் ஏமாற்றவில்லை, நாலு கம்பி மட்டும் காணோம். மணல் கதை இன்னும் வேடிக்கை. லேசாக ஈரமான மணல் உப்பி, கன அளவில் கால் பங்கு வரைகூடக் கூடுதலாகக் காட்டும். நன்றாகக் காய்ந்தால் உட்கார்ந்துவிடும். மழைக்கு மறுநாள் வந்த ஒரு யூனிட்டும் சித்திரை வெயிலில் வந்த ஒரு யூனிட்டும் லாரியில் ஒரே உயரம்தான். இதற்கு மேல் கொத்தனாரின் கைப்பாகு, சைட்டில் இரவில் நடக்கிற ‘கைமாற்று’. இவற்றையெல்லாம் கடைக்காரர் தலையில் கட்டினால் நாளைக்கே கணக்குப் போடுவதை நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்திய கடைகளும் உண்டு: “அளவை நீங்க சொல்லுங்க, சரக்கு நாங்க தர்றோம்.” சட்டப்படி அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. ஆனால் இன்ஜினியர் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஆள் அப்போது யாரிடம் போவார்?

ஆக, எச்சரிக்கை தேவை. அந்த எச்சரிக்கையின் பூர்வீகம் சுவையானது. 1963இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஹெட்லி பைர்ன் வழக்கில், ஒரு விளம்பர நிறுவனம் தன் வாடிக்கையாளரின் பண நிலையை வங்கியிடம் விசாரித்தது. வங்கி நல்லபடியாகச் சொன்னது. அந்த வாடிக்கையாளர் கவிழ்ந்தபோது 17,000 பவுண்டு போயிற்று. நம்பிக் கேட்பவரிடம் அசட்டையாகத் தகவல் சொன்னால், ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் பொறுப்பு வரலாம் என்றார்கள் நீதிபதிகள். ஆனால் வங்கி தப்பித்தது, பதிலிலேயே ‘எங்கள் பொறுப்பில் அல்ல’ என்று எழுதியிருந்ததால். நம் சீட்டுகளின் அடிவரிக்கு இது தாத்தா முறை. தாத்தாவின் செல்வாக்கு நீடிக்கவில்லை. 1989இல் அதே சபையில் எரிக் புஷ் வழக்கு. ஒரு சாதாரண வீட்டை மதிப்பிட்ட சர்வேயர், புகைபோக்கிக்கு அடியில் தாங்கல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பின்னால் அது இடிந்து விழுந்தது. பொறுப்பைத் துறக்கும் வாசகம் தாளில் இருந்தும், அதை அந்த வீட்டை வாங்கியவர் மேல் சுமத்துவது நியாயமல்ல என்று சபை தள்ளிவிட்டது.

இங்கே சட்டம் வேறு, போக்கு ரொம்ப வேறில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப்படி இலவசமாகச் செய்து தருவது ‘சேவை’ ஆகாது. கடைக்காரருக்கு இது ஒரு பிடிமானம். 74 பெட்டி விற்பதற்காகப் போட்ட கணக்கை இலவசம் என்று ஒரு ஆணையத்தின் முன் நின்று சொல்ல எனக்குத் துணிச்சல் வராது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற மூன்றாவது வாக்கியம் இன்னும் பலவீனம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. நல்ல நிலையில் மீந்த பொருளை எடுத்துக்கொள்ளச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சீட்டு இரண்டையும் பிரிக்காமல் ஒரே போடாகப் போடுகிறது. இன்னொன்று, ‘தோராயம்’ என்பது எண்ணிக்கைக்குத்தான் பொருந்தும். கார் நிறுத்தும் இடத்துக்கு எது போடலாம் என்று கேட்டவருக்குச் சுவர் டைலை எடுத்துக் கொடுத்தால், 1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வந்து நிற்கும்: நோக்கத்தைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அளவைப் பற்றிய அடிவரி அங்கே உதவாது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொரு தற்காப்பு. ஒரு முறை அடிபட்ட கடைக்காரர் அடுத்த முறை குறைத்து எழுதமாட்டார். “எதுக்கு வம்பு, பத்துப் பெட்டி சேர்த்தே போடு” என்பார் முதலாளி. குறைந்தால் சண்டை, கூடினால் யாரும் கேட்பதில்லை. மூன்றாவது வாக்கியம் இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. கூட்டி எழுதுவதும் கடை, திரும்ப எடுக்க மறுப்பதும் கடை. பயத்தில் பிறந்த பழக்கம் சத்தமில்லாமல் லாபமாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் மாடிப்படிக்கடியில் பிரிக்காத டைல் பெட்டிகள் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போடுகிறவனே விற்கிறவனாகவும் இருப்பதன் விலை அது.

இதற்கு வழி வக்கீலிடம் போய் அடிவரியை இன்னும் நீட்டுவது அல்ல. கணக்கைத் திறந்து காட்டுவதுதான். பின்னாளில் நான் எழுதிய சீட்டுகள் இப்படி இருந்தன: ‘அளவு தந்தவர்: வாடிக்கையாளரின் மேஸ்திரி, தேதி. கடை நேரில் அளக்கவில்லை. தரை 1,000, ஸ்கர்ட்டிங் 90, வேஸ்டேஜ் 5 சதவீதம். பெட்டி 15.5 சதுர அடி. பாத்ரூம், படிக்கட்டு சேரவில்லை. மேஸ்திரியிடம் காட்டிச் சரிபார்த்த பின் ஆர்டர் தரவும்.’ கீழே அவர் கையெழுத்து, நகல் கடையில். எழுத ஐந்து நிமிடம் கூடுதலாகும். மாலை நேரக் கூட்டத்தில் அந்த ஐந்து நிமிடம் பெரிய தொல்லை என்பதை மறைக்கமாட்டேன். பக்கத்துக் கடைக்காரர் அதற்குள் இரண்டு பேருக்குப் பில் போட்டுவிடுவார். பொறுப்பு முழுவதும் நம்மை விட்டுப் போய்விடாது. ஆனால் தவறு எந்த வரியில் என்று இருவருக்கும் தெரியும். அளவு தப்பா, மேஸ்திரி. பெருக்கல் தப்பா, நான். முக்கால்வாசிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். சிலர் சீட்டைப் பார்த்துவிட்டு, “பூஜை ரூம் விட்டுப்போச்சே” என்று அங்கேயே சொன்னதும் உண்டு. எந்த அடிவரியும் அப்படி ஒரு பேச்சைக் கிளப்பியதில்லை.

‘தோராயம்’ என்ற சொல் இருந்துவிட்டுப் போகட்டும், அது உண்மை. மூன்றாவது வாக்கியத்தை மட்டும் கடைக்காரர்கள் மாற்ற வேண்டும்: பிரிக்காத பெட்டி, அதே பேட்ச், பில்லோடு 60 நாளுக்குள் வந்தால், வண்டி வாடகை போக எடுத்துக்கொள்ளப்படும். சீட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. கடையை விட்டு இறங்குவதற்கு முன் டைல் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை சதுர அடி என்று அதிலேயே அச்சடித்திருக்கும்.