விஜய் ஐயரின் இடது கை

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரியை மட்டும் ஏறிப் பார்த்துவிட்டுப் பேருந்தைப் பிடித்துவிடுகிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் ஒரே மதிலால் வளைத்ததுதான் கோட்டை. ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரைக் கேட்பவர்களும் இப்படித்தான், பியானோவோடு நின்றுவிடுகிறார்கள். பேஸ், டிரம்ஸ் சேர்ந்த மூவர் அணியில்தான் அவருடைய முழு ஆட்டமும் இருக்கிறது.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயதில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் முறையாகக் கற்றது வயலின். பியானோ பெரும்பாலும் தானே தட்டிப் பழகியது. யேலில் கணிதமும் இயற்பியலும் படித்து, இயற்பியல் ஆய்வுக்கென்று பெர்க்லிக்குப் போனவர், 1998இல் இசை குறித்த ஆய்வுக்கு முனைவர் பட்டம் வாங்கினார். ‘கணக்குப் போட்டு வாசிக்கிறார்’ என்று சொல்ல இது பலருக்கு வசதியாகப் போயிற்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாளம் உடம்பில் பிறக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் மையமே. மேல்மலையனூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? மிருதங்கக்காரர் வேகம் கூட்டினால், கணக்குத் தெரியாத கால்களும் தாளம் போடும்.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். மைக்கேல் ஜாக்சனின் ‘ஹியூமன் நேச்சர்’. 2010இல் தனியாக வாசித்து வெளியிட்டார். அழகு, ஆனால் அடக்கம். 2012இல் ‘ஆக்சலராண்டோ’ தொகுப்பில் ஸ்டீஃபன் கிரம்ப் பேஸ், மார்கஸ் கில்மோர் டிரம்ஸ். அதே மெட்டு இப்போது நடக்கிறது, தடுமாறுகிறது, நிமிர்கிறது. அந்த ஆண்டு டவுன்பீட் இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஐந்து பிரிவுகளில் முதலிடம் அவருக்கு. மறு ஆண்டு மெக்ஆர்தர் நல்கை, 2014இல் ஹார்வர்டு பேராசிரியர் பதவி.

சென்னை ஐஐடியில் படித்த கிதார் கலைஞர் பிரசன்னா, தபலா கலைஞர் நிதின் மித்தா இருவரோடும் செய்த ‘தீர்த்தா’வைத்தான் (2011) நம்மவர்கள் முதலில் தேடுகிறார்கள். நல்ல தொகுப்புதான். ஆனால் அங்கே ஐயர் விருந்தினருக்கு இடம்விட்டு ஒதுங்கி வாசிப்பதாகவே எனக்குப் படுகிறது. தமிழ் வாசனை வேண்டுமென்றால் 2009இன் ‘ஹிஸ்டாரிசிட்டி’க்குப் போங்கள். ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’ அதில் இருக்கிறது. சொற்கள் இல்லை, ராகச் சாயல் இல்லை. இடது கை அடிக்கட்டைகளில் விடாமல் மோதுகிறது, டிரம்ஸ் சளைக்காமல் பதில் சொல்கிறது. அவருடைய ஆட்டத்தில் எனக்கு முதலிடம் இந்தச் சிறிய உருப்படிக்குத்தான்.

2021இன் ‘அன்ஈஸி’யில் அணி மாறியது. லிண்டா மே ஹான் ஓ பேஸில், டைஷான் சோரி டிரம்ஸில். 2024இல் ‘கம்பாஷன்’ தொகுப்பிலும் இதே மூவர். வேகம் குறைந்திருக்கிறது, பிடி தளரவில்லை.

கேட்கப்போகிறவர்கள் கைபேசி ஸ்பீக்கரை நம்ப வேண்டாம், பேஸ் காணாமல் போய்விடும். இயர்போன் மாட்டிக்கொண்டு ‘கலாங்’கில் தொடங்குங்கள்.